புகையில் வேகும் பூரண மிளகாய்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமான கேள்வி பதில்

இது என்ன பலகாரம்? பஜ்ஜி மிளகாயைப் புகையில் காட்டுவதா?

டெக்சாஸ் பக்கம் இதற்கு மூலம். ஜாலப்பீனோ மிளகாயைக் கீறி, க்ரீம் சீஸை அடைத்து, மேலே பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டைச் சுற்றி, மூடிய புகையடுப்பில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைப்பார்கள். சேலத்தில் செய்தால் சரக்கு எல்லாமே மாறும். ஜாலப்பீனோவுக்குப் பதில் பஜ்ஜி மிளகாய், க்ரீம் சீஸுக்குப் பதில் பன்னீரும் கட்டித் தயிரும், விறகுக்கு ஏற்காட்டுக் காபிக் கிளை. செய்முறை மட்டும் மாறாது. எண்ணெய்ச் சட்டி கிடையாது, மிளகாயை ஒட்டித் தீயும் கிடையாது. 120 டிகிரி செல்சியஸ் சூட்டில், கொஞ்சமே கொஞ்சம் புகையில், நிதானமாக வேக வேண்டும். கெட்டுப்போகும் மிளகாயில் பெரும்பாலானவை புகை கூடிப்போனதால் கெட்டவைதான்.

எப்படிப்பட்ட மிளகாயை வாங்குவது?

வெளிர்பச்சை பஜ்ஜி மிளகாய், 12 முதல் 15 செ.மீ. நீளம், முடிந்தவரை நேரானது. வளைந்தது கம்பி வலையில் உருண்டு பூரணத்தைக் கொட்டிவிடும். சூரமங்கலமோ அம்மாபேட்டையோ, உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் பொறுக்கி எடுக்கலாம். காம்பு பச்சையாக இருக்கட்டும், விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கட்டும். தோல் சுருங்கத் தொடங்கிய மிளகாய் ஏற்கெனவே நீர் விட்டிருக்கும். அடுப்பில் அரை மணியில் தொளதொளத்துவிடும்.

சூப்பர் மார்க்கெட்டில் ஜாலப்பீனோ கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். அதன் சதை பஜ்ஜி மிளகாயைவிடத் தடிமன் என்பதால் கூடுதலாக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குடைமிளகாயை நான்காகக் கீறி, அந்தக் கிண்ணத்தில் பூரணம் வைத்தால் காரம் தாங்காத குழந்தைகளுக்கு ஆகும்.

பஜ்ஜி மிளகாய் காரமில்லை என்கிறார்கள், ஆனால் சிலது மண்டையைப் பிளக்கிறதே?

ஒரே கிலோவில் பத்து சாதுவாக இருக்கும், இரண்டு கடிக்க முடியாமல் இருக்கும். தண்ணீர் குறைந்து வாடிய செடியின் காயில் காரம் ஏறும். கோடையில் வரும் சரக்கில் இது அதிகம். வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. கீறியதும் உள்தண்டிலிருந்து கடுகளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

காரம் விதையில் இல்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டிலும் நரம்பிலும்தான் காரம் தரும் கேப்சைசின் உருவாகிறது. விதைமேல் படுவது அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். ஆகவே விதையைத் தட்டிக் கொட்டிவிட்டு நரம்பை விட்டுவைத்தால் பயனில்லை. டீஸ்பூனின் விளிம்பால் காம்புப் பக்கம் தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பாகச் சுரண்டுங்கள். நரம்பு மொத்தமாக உரிந்து வரும். கத்தி வேண்டாம், மெல்லிய சதையைக் கிழித்துவிடும்.

கை எரிச்சலுக்கு என்ன செய்வது?

கையுறை போட்டுக்கொள்வது நல்லது. போடாமல் செய்து எரிந்தால், முதலில் தண்ணீர் வேண்டாம். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை இரண்டு கையிலும் நகக்கண் வரை தேய்த்து, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மிளகாய் வேலைக்கு முன்பே கழற்றி வைத்துவிட வேண்டும்.

பூரணத்துக்கு அளவு என்ன?

12 மிளகாய்க்கு, சைவப் பூரணம்:

பன்னீர் 150 கிராம், துருவியது. கட்டித் தயிர் 80 கிராம். இதற்கு 200 கிராம் தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு தொங்கவிட வேண்டும். பதப்படுத்திய கட்டிச் சீஸ் 60 கிராம், துருவியது. சின்ன வெங்காயம் 6, பூண்டு 4 பல், இரண்டையும் பொடியாக நறுக்கி நீர் வற்ற வதக்கி ஆறவைத்தது. ஒன்றிரண்டாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், வறுத்த சீரகப்பொடி அரை டீஸ்பூன், மரவள்ளி மாவு 1 டீஸ்பூன். உப்பு கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், சீஸிலேயே உண்டு. மல்லித்தழை கொஞ்சம்.

பிசைந்ததை உருட்டிப் பார்த்தால் கையில் ஒட்டாமல் உருள வேண்டும். ஒட்டினால் ஈரம் அதிகம். இன்னும் கொஞ்சம் பன்னீர் சேருங்கள், மாவைக் கூட்டாதீர்கள். ஒரு மிளகாய்க்கு 25 கிராம், அதாவது பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை போதும். ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகு பறிக்கும் நாட்களில் போனால், இடித்த மிளகுக்குப் பதில் ஒரு கொத்துப் பச்சை மிளகை உதிர்த்து நசுக்கிச் சேருங்கள். அந்த வாசனை காய்ந்த மிளகில் வராது.

மரவள்ளி மாவு எதற்கு? சோளமாவு போடலாமா?

போடலாம், ஆனால் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன்? ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது, செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் மரவள்ளி ஸ்டார்ச் கேட்டால் கிடைக்கும். இல்லையென்றால் ஜவ்வரிசியையே மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான்: சூடேறும்போது தயிர் திரிந்து நீர் விடும். மரவள்ளி மாவு 70 டிகிரியை ஒட்டிக் குழைந்து அந்த நீரைப் பிடித்துக்கொள்கிறது. மாவு போடாத பூரணத்தில் அரை மணியில் மிளகாய்க்குள் குளம் கட்டும், மேலே பன்னீர் மணல்மணலாக நிற்கும். இரண்டு டீஸ்பூன் போட்டாலோ பசைபோல இழுக்கும். 300 கிராம் பூரணத்துக்கு ஒரு டீஸ்பூன் என்பதை மாற்றாதீர்கள்.

மொஜரெல்லா மட்டும் வைத்தால்?

முழுக்க உருகி வலை வழியே கரியில் சொட்டும். அந்தச் சொட்டு கருகும் புகை மீதி மிளகாய்களுக்கும் ஏறும். பன்னீர் புளிப்பில் திரட்டியது, எவ்வளவு சூட்டிலும் ஓடாது. அதனால்தான் அதைப் பாதிக்குக் குறையாமல் வைக்கிறோம். இழுபடும் சீஸ் வேண்டுமென்றால் 60 கிராம் கட்டிச் சீஸில் பாதியை மொஜரெல்லாவாக மாற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கொத்துக்கறி வைக்கலாமா? பேக்கன் சுற்றலாமா?

கொத்துக்கறியைப் பச்சையாக அடைக்கக் கூடாது. மிளகாய் வெந்துவிடும், உள்ளே கறி வெந்திருக்காது. 250 கிராம் கொத்துக்கறியை இஞ்சி பூண்டு, மிளகு, கரம் மசாலாவோடு ஈரம் துளியும் இல்லாமல் சுருளச் சுருள வதக்கி, முழுக்க ஆறவைத்து, 50 கிராம் துருவிய சீஸோடு பிசையுங்கள். சூடாக அடைத்தால் மிளகாய் உள்ளிருந்தே அவிந்துவிடும். கோழி என்றாலும் இதே முறை. வதக்கும்போதே நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

பேக்கன் குளிர்பதன இறைச்சிக் கடைகளில் கிடைக்கும். ஒரு மிளகாய்க்கு அரைத் துண்டு, இழுத்துச் சுற்றிக் குச்சி குத்துங்கள். பல் குத்தும் குச்சி கிடைக்காவிட்டால் கழுவி ஊறவைத்த தென்னை ஈர்க்கு போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: 120 டிகிரியில் பேக்கன் மொறுமொறுப்பாகாது, கொழுப்பு வெள்ளையாகவே நிற்கும். பேக்கன் வைத்தால் சூட்டை 135க்கு மேல் ஏற்றி 75 முதல் 90 நிமிடம் விட வேண்டும். கீழே இரண்டு விரல் தண்ணீர் ஊற்றிய தட்டு அவசியம், சொட்டும் கொழுப்பு கரியில் பட்டால் தீ எழும். பஜ்ஜி மிளகாய் இவ்வளவு நேரம் தாங்காது, பேக்கனுக்கு ஜாலப்பீனோதான் பொருந்தும்.

எந்த விறகு?

முதலில் கரியும் விறகும் வேறுவேறு வேலைக்கு என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். சூடு கரியிலிருந்து வர வேண்டும், வாசம் விறகிலிருந்து. கரிக்கு, கொட்டாங்குச்சிக் கரியை அச்சில் அழுத்திய கட்டிகள் மிகச் சீரானவை, நின்று எரியும், புகையே இல்லை. சீமைக் கருவேலங்கரியும் நல்லது. சீமைக் கருவேலம் அமெரிக்கர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரத்தின் இனம்தான். கரியாக எரித்தால் பிரச்சினை இல்லை, விறகாகப் போட்டால் வாசம் தூக்கலாக இருக்கும். கரியாக்காத வெறும் கொட்டாங்குச்சியைப் போடாதீர்கள், தொண்டையைக் கமறும்.

வாசத்துக்கு முதலிடம் காபிக் கிளைக்கு. ஏற்காட்டுத் தோட்டங்களில் பழம் பறித்து முடித்தபின் கவாத்து செய்வார்கள். அப்போது வெட்டிய, கட்டைவிரல் பருமனுள்ள பக்கக் கிளைகளைக் கேட்டு வாங்கி, நிழலில் ஆறு மாதம் காயப்போட வேண்டும். மலைக்காற்றில் பட்டைமேல் பாசி படர்ந்திருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அது கசக்கும். அடித்தண்டை வாங்கவே வேண்டாம். அராபிகா வகைக் காபிச் செடியைத் தண்டு துளைப்பான் வண்டு தாக்குவதால் தண்டில் பூச்சிமருந்து பூசுவது வழக்கம். பிடுங்கிப் போட்ட தடித்த தண்டு இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வந்தால், அந்த மருந்தும் சேர்ந்து புகையும்.

சமவெளியில் மாங்கிளை, கொய்யாக் கிளை இரண்டும் நன்றாக இருக்கும். சேலத்தில் மாமரத்துக்கா பஞ்சம்?

தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'ஓக் விறகு' என்று இருக்கும். சில்வர் ஓக் பெயரில்தான் ஓக். உண்மையில் ஆஸ்திரேலிய மரம், ஓக் குடும்பமே இல்லை, தொட்டாலே சிலருக்குத் தோல் தடிக்கும். அதை விட்டுவிடுங்கள். தைலமரம், வேம்பு, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பேக்கிங் கட்டை எதுவும் ஆகாது. அரளியைச் சொல்லவே வேண்டாம், அது விஷம். அதன் குச்சியில் மிளகாயைக் கோர்க்கக்கூடக் கூடாது.

விறகை ஊறவைக்க வேண்டுமா?

வேண்டாம். ஊறிய விறகில் தண்ணீர் ஆவியாகும்வரை வாசம் வராது, அதுவரை வெள்ளைப் புகை மண்டும், தீயும் தணியும். காய்ந்த கிளை, கை நீளத்தில் மூன்று துண்டு, 12 மிளகாய்க்குப் போதும்.

ஸ்மோக்கர் விலை அதிகம். டிரம்மில் செய்துகொள்ளலாமா?

200 லிட்டர் இரும்பு டிரம் போதும். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள், ரசாயனம் வந்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். முதலில் உள்ளே விறகு அடுக்கி இரண்டு மூன்று மணி நேரம் கொழுந்துவிட்டு எரியவிட்டால் உட்பூச்சு கருகி உதிரும்; அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி இன்னொருமுறை சூடேற்றுங்கள்.

அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் நான்கு துளை, ஒவ்வொன்றும் 2 செ.மீ.; மூடியில் ஒன்றேகால் செ.மீ. அளவில் எட்டுத் துளை. கீழ்த்துளைகளை அடைக்கவும் திறக்கவும் காந்தத் தகடோ திருகு மூடியோ வையுங்கள், சூட்டை ஆளப்போவது அதுதான். கரிக்கூடையின் அடியிலிருந்து 60 செ.மீ. மேலே வலை. வலைக்குத் துத்தநாகம் பூசிய கம்பி ஆகாது, சூட்டில் நச்சுப்புகை விடும். எவர்சில்வர் கம்பி வலையாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் உருக்காலை இருக்கும் ஊரில் அதற்குக் குறையில்லை.

கெட்டில் வடிவ பார்பெக்யூ அடுப்பு இருந்தால் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, எதிர்ப்பக்கம் மிளகாயை வைத்து, மூடியின் காற்றுத்துளை மிளகாய்க்கு மேலே வரும்படி மூடினால் போதும்.

தீ மூட்டுவதிலிருந்து இறக்குவது வரை வரிசையாகச் சொல்லுங்கள்.

கெட்டில் அடுப்புக்குச் சொல்கிறோம். ஒரு கிலோ கரியைப் பக்கவாட்டில் குவியுங்கள். இன்னொரு 300 கிராமைத் துளையிட்ட தகர டப்பாவில், செய்தித்தாளைக் கீழே கொளுத்திப் பற்றவைத்து, மேல்கரி சாம்பல் பூத்ததும் குவியலின் ஓரத்தில் கொட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், சீஸில் அந்த நாற்றம் முதலில் ஏறும். மூடி, மேல்துளையை முழுக்கத் திறந்தே வைத்து, கீழ்த்துளையைக் கால் பங்கு திறப்புக்குக் கொண்டுவாருங்கள். 20 நிமிடத்தில் 120 டிகிரியில் நிலைக்கும்.

மூடியில் பதித்த மானியை நம்பாதீர்கள். அது மேலே ஏறிய சூட்டைக் காட்டும், வலைமட்டத்தில் 15, 20 டிகிரி வித்தியாசம் இருக்கும். கம்பி வைத்த தெர்மாமீட்டரை மிளகாய்க்குப் பக்கத்தில் வையுங்கள்.

சூடு நிலைத்தபின் காபிக் கிளை ஒரு துண்டைக் கரிமேல் வையுங்கள். முதலில் வெள்ளையாகப் புகையும். பத்து நிமிடத்தில் மெலிந்து, வெயிலுக்கு எதிரே பார்த்தால் இளநீலமாகத் தெரியும். அதன் பிறகே மிளகாய் உள்ளே போக வேண்டும். காம்பை எடுக்காமல், மேல்பக்கம் மட்டும் படகுபோலக் கீறி அடைத்தது, பூரணம் மேலே பார்த்தபடி. மூடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துண்டு, மொத்தம் மூன்று துண்டு. கடைசி 15 நிமிடத்துக்கு விறகே வேண்டாம், வெறும் சூடு போதும்.

நடுவில் மூடியைத் திறக்கத் திறக்க, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கூடும்.

வெந்தது எப்படித் தெரியும்?

50 நிமிடத்தில் பாருங்கள். பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறமாகி, தோல் வயதானவர் கைபோலச் சுருங்கியிருக்கும். பூரணம் மேடிட்டு, ஓரத்தில் மட்டும் பொன்னிறம். காம்போரத்தில் ஈர்க்கு குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அங்கேதான் சதை தடிமன், நுனி எப்போதோ வெந்திருக்கும். பூரணத்தில் விரிசல் விழுந்து நீர் ஊறினால் தாண்டிவிட்டது. இறக்கி ஐந்து நிமிடம் விடுங்கள், உள்ளே கொதிக்கும் பூரணம் வாயைச் சுட்டுவிடும்.

கசக்கிறதே?

மேல்துளையை மூடியிருப்பீர்கள், அல்லது பச்சை விறகு, அல்லது வெள்ளைப் புகை அடங்குமுன் மிளகாயை வைத்தது. மூன்றிலும் புகை வெளியேறாமல் தார்போலப் படிகிறது. பாலில் செய்த பூரணம் அதை வேகமாக வாங்கிக்கொள்ளும். ஒரு சோதனை உண்டு. குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனை இடுக்கியில் பிடித்து மேல்துளைப் புகையில் அரை நிமிடம் காட்டுங்கள். பழுப்பாக, பிசுபிசுப்பாகப் படிந்தால் மிளகாயை வைக்காமல் காத்திருங்கள்.

தோல் தனியாகக் கழன்று, சதை குழைந்துபோகிறது.

சூடு போதாமல் நேரத்தை இழுத்திருக்கிறீர்கள். 95, 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மிளகாய் அவியும், வறளாது. இன்னொரு காரணம், உட்புறத்தில் உப்பு தடவி ஊறவைப்பது. உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். கழுவிய மிளகாயைத் துணியால் ஒற்றி, கவிழ்த்து வைத்து, உலர்ந்தபின் அடையுங்கள்.

சேலத்தில் சரியாக வந்தது, ஏற்காட்டில் ஏன் இழுக்கிறது?

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கரிக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். கீழ்த்துளையைச் சேலத்தில் காலளவு திறந்தால் அங்கே அரைக்குக் கிட்டத் திறக்க வேண்டும். மூடுபனி நாளில் கரியும் நமுத்திருக்கும். மூட்டையோடு திண்ணையில் வைக்காமல், மூடி போட்ட தகர டின்னில் கொண்டுபோங்கள். குளிருக்காக மூன்றில் ஒரு பங்கு கரி கூடுதலாக எடுத்துவையுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஈரம் படிந்த பரப்பு புகையை அதிகம் பிடிக்கும். பனி நாளில் மூன்று துண்டு விறகு வேண்டாம், இரண்டு போதும். சேலத்து வெயிலிலோ பிரச்சினை வேறு: அடைத்த மிளகாயை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், தயிரும் பன்னீரும் கெட ஆரம்பிக்கும்.

விடுதியில் செய்யலாமா?

உரிமையாளரிடம் கேட்டு, திறந்த வெளியில் மட்டும். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று தணல் அடுப்பை அறைக்குள் தள்ளிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். பிப்ரவரி முதல் மே வரை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சருகு காய்ந்து கிடக்கும். தணலைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொடும் சூட்டுக்கு வந்தபிறகே கொட்டுங்கள். அடைத்த தட்டைத் துணி போட்டு மூடினால் குரங்குக்குப் போதாது, பாத்திரமும் பாரமும் வேண்டும்.

அடுப்பே இல்லை, வாசம் மட்டும் வேண்டும்.

கனமான பழைய இரும்புச் சட்டியில் அலுமினியத் தாள் விரித்து, காபிக் கிளைச் சீவல் இரண்டு மேசைக்கரண்டி தூவி, மேலே கம்பித் தட்டில் மிளகாயை அடுக்கி, புகை கிளம்பியதும் மூடி, சிறுதீயில் 12 நிமிடம். பிறகு ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம். ஜன்னல் திறந்திருக்கட்டும். நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டாம்.

எதோடு பரிமாறுவது?

தனியாகவே போகும். ஆனால் சேலத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது: தட்டுவடை செட். வெந்த மிளகாயை விரல்தடிமன் வட்டங்களாக நறுக்கி, கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவலோடு இரண்டு தட்டுவடைக்கு நடுவே வையுங்கள். காரச் சட்னியைத் தவிர்த்து, பச்சைச் சட்னி மட்டும் தடவினால் புகை வாசம் அடிபடாது. உடனே சாப்பிட வேண்டும், பூரணத்தின் ஈரத்தில் தட்டுவடை நமுத்துவிடும்.

முன்கூட்டியே செய்துவைக்கலாமா? மீந்தால்?

அடைத்ததை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். வெந்ததை மூன்று நாள். சூடுபடுத்த, தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சிறுதீயில் எட்டு நிமிடம். மைக்ரோவேவில் பன்னீர் ரப்பராகும். ஃப்ரீசரில் வைத்தால் மிளகாய் நாராகிவிடும்.

பூரணம் கழன்று தனியாகிப் போன மிளகாய்கள் நான்கைந்து மீந்தால் துவையலுக்கு எடுங்கள்: இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு கைப்பிடித் தேங்காய், கொட்டைப்பாக்களவு புளி, உப்பு. மிளகாயைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று சுற்றி நிறுத்துங்கள்.